எம்.எஸ். நோய்: நரம்பியல் ஓ.பி. பெஞ்சில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மதுரையில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். 2014-இல் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று உறுதியானது. அன்றிலிருந்து நரம்பியல் ஓ.பி.யில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நோயின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டு முகம் வெளுத்துப் போயிருக்கும் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும்தான் அதில் அதிகம். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. என் டாக்டர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும், தேடிப் படித்ததும், என் உடம்பு கற்றுக்கொடுத்ததும் இதில் இருக்கின்றன. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

எம்.எஸ். என்றால் என்ன? நரம்புத் தளர்ச்சியா?

இல்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்பது பஸ் ஸ்டாண்ட் சுவர் விளம்பரங்களில் எல்லாக் கோளாறுக்கும் ஒட்டிவைக்கிற சொல். அந்தச் சொல்லால் எனக்கு மூன்று வருடம் வீணாயிற்று. அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்கிறேன்.

எம்.எஸ். நடப்பது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய இடங்களில். அங்கே நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் வெள்ளணுக்கள், ஆள் தெரியாமல் அந்த உறையைத் தாக்கி உரித்துவிடுகின்றன. உரிந்த இடம் வீங்குகிறது, பிறகு தழும்பாகிறது. நாளாக ஆக, உள்ளே இருக்கும் இழையே அறுந்தும் போகிறது.

உறை போனால் என்ன ஆகும்? ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் போகும் ஒன் டு ஒன் பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். நடுவில் நிற்காது. உறை நன்றாக இருக்கும் நரம்பில் செய்தி அப்படித்தான் போகிறது. உறையில் இடைவெளி விட்டிருக்கும் இடங்களில் மட்டும் கால் ஊன்றித் தாவித் தாவி, வேகமான இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறை உரிந்த இடத்தில் அதே செய்தி ரூட் பஸ்ஸாகிவிடுகிறது. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு என்று நின்று நின்று போகும். சில நாள் வழியிலேயே பிரேக்டவுன். ‘எடுத்து வை’ என்று மூளை அனுப்பிய சொல் காலுக்கு வந்து சேராது. காலில் ஒரு குறையும் இருக்காது.

அரசு ஆவணங்களில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுவார்கள். பெயரை வைத்துத் தண்டுவடத்தில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 1868-இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர், இறந்துபோன நோயாளிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத் திட்டாக இறுகிய தழும்புகளைப் பார்த்தார். அவர்கள் உயிரோடு இருந்தபோது பட்ட பாட்டோடு அவற்றைச் சேர்த்து இதைத் தனி நோயாக விளக்கியவர் அவர்தான். பல இடங்களில் இறுகிய தழும்பு என்பதுதான் ஆங்கிலப் பெயருக்கும் பொருள்.

உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

2011, தீபாவளிக்கு முந்தைய தையல் நெருக்கடி. புதுமண்டபத்தில் வாங்கி வந்த அரக்குச் சிவப்பு நூலை ஊசியில் கோக்க, வழக்கம்போல் இடக்கண்ணை மூடினேன். நூல் செங்கல் நிறமாகிவிட்டது. கண்ணை மாற்றி மூடினேன். மறுபடி அரக்குச் சிவப்பு. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தும் அப்படியேதான் இருந்தது. இரண்டு நாளில் வலக்கண்ணை உருட்டினாலே உள்ளே வலித்தது. நாலாம் நாள் அந்தக் கண்ணுக்கு முன்னால் புகை.

பார்வை நரம்பில் வரும் இந்த அழற்சி எம்.எஸ்.ஸின் முதல் அடையாளமாக வருவது நிறையப் பேருக்கு உண்டு. ஒரு கண்ணில் வரும், கண்ணை அசைத்தால் வலிக்கும், சிவப்பு வெளிறும். கண்ணாடியை மாற்றினால் சரியாகாது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி பி12 ஊசி போட்டார்கள். ஆறு வாரத்தில் பார்வை திரும்பிவிட்டது. ஊசிதான் குணப்படுத்தியது என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெங்கடசாமியைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவரே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தன் மூட்டுகளையே தாக்குகிற நோய் அது. அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டார். எம்.எஸ்.ஸும் அந்த வகையறாதான். தாக்கும் இடம் மட்டும் வேறு.

வேறு என்னென்ன செய்யும்?

ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வராது. என் உடம்பில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 மார்கழியில் வாசலில் குனிந்து புள்ளி வைத்தேன். தாடை நெஞ்சில் பட்டதும் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. நிமிர்ந்தால் நின்றுவிட்டது. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் தழும்பு இருந்தால் இப்படி வரும். ஒரு வாரத்தில் தையல் மிஷின் பெடலில் இடது கால் இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் கால் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பாவாடை நாடாவை யாரோ இறுக்கிக் கட்டினது போல விலாவைச் சுற்றி ஒரு பிடிப்பு. அவிழ்ப்பதற்கு அங்கே நாடா இல்லை.

சிலருக்கு இரட்டையாகத் தெரியும், சிலருக்குத் தலைசுற்றும், பேச்சு குழறும், கை நடுங்கும். அவசரமாகச் சிறுநீர் வரும், அல்லது வராமல் தங்கிப்போகும். இதை வெட்கப்பட்டு யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் பாத்ரூம் சரியாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களைப் பார்க்கிறேன். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரத் தொற்று வரும், தொற்று வந்தால் காலும் கையும் இன்னும் மோசமாகும். இதற்கு மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. வாயைத் திறந்து கேளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரும்பாலோரைப் படுத்துவது அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. வெளியே தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கா, வேலை செய்ய வலிக்குது’ என்று மாமியாரோ நாத்தனாரோ சொல்லும் இடத்தில் எத்தனையோ பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த அசதி நோயின் அறிகுறி. அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

தானாகச் சரியாகிவிட்டதே, அப்புறம் எப்படி நோய் இருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

எம்.எஸ். வந்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு அது வந்து வந்து போகும் வகையாகத்தான் தொடங்குகிறது. தாக்கும், சில வாரமோ மாதமோ இருக்கும், அடங்கும். வீக்கம் வடிகிறது, உறை ஓரளவு திரும்ப வளர்கிறது, மூளை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. இந்த அடங்கும் குணத்தால் என்ன ஆகிறதென்றால், அந்த நேரத்தில் யார் என்ன கொடுத்தார்களோ அதற்குத்தான் பேர் போகிறது. என் பாட்டி எனக்கு வேப்பிலை அடித்தாள், மாமா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்தார், கிளினிக்கில் ஊசி போட்டார்கள். பார்வை திரும்பியதும் மூன்று பேரும் தங்களால்தான் என்று நினைத்தார்கள். அன்பினால் செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த ஆறு வாரத்தில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

வெளியே அடங்கியிருக்கும்போது உள்ளே நோய் சும்மா இருப்பதில்லை. ஒரு தொந்தரவும் தெரியாத மாதங்களிலும் எம்.ஆர்.ஐ.யில் புதுத் திட்டுகள் தெரிவதுண்டு. மூளைக்குக் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, அதை எடுத்துச் செலவு செய்து நம்மை நடமாட வைக்கிறது. சேமிப்பு தீர்ந்த பிறகு விழும் குறை திரும்புவதில்லை. ‘நல்லாயிடுச்சு’ என்ற சொல்லைக் கேட்டால் இந்த நோயில் எனக்குப் பயமாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறேன். மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

நான் நிறுத்திப் பார்த்தேன். 2017-இல், இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை என்று, செலவையும் மாத்திரை சாப்பிட்டால் முகம் சிவந்து எரிவதையும் மனதில் வைத்து, டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். எட்டு மாதம் நன்றாக இருந்தேன். 2018 தையில், பொங்கல் முடிந்து நாலாம் நாள், இடது கால் முழுதாக விழுந்தது. சிகிச்சை எடுத்து எழுந்து நடந்தேன். ஆனால் பாதத்தைத் தூக்கும் வலு முன்போலத் திரும்பவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மாத்திரை கேட்டிருக்கலாம். செலவு என்றால் அதையே சொல்லியிருக்கலாம். வாய்விட்டுக் கேட்காததற்கு ஒரு பாதத்தைக் கொடுத்தேன்.

ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி அடிக்கும். அவற்றை நிறுத்த வேண்டியிருந்தாலும் அடுத்த மருந்தைத் திட்டமிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

ஸ்டீராய்டு டிரிப் போட்டார்களே, அது போதாதா?

போதாது. தாக்குதல் வந்ததும் மெத்தில்பிரட்னிசலோன் 1 கிராம் வீதம் மூன்றிலிருந்து ஐந்து நாள் டிரிப்பில் ஏற்றுவது வழக்கம். அது வீக்கத்தை அடக்கி, மீள்வதை வேகப்படுத்தும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. தடுப்பதற்கான மருந்துகள் வேறு. 1993-இல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. இப்போது ஊசி, மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிரிப் என்று பலவகை இருக்கின்றன. நம் நாட்டில் ரிட்டுக்ஸிமாப் டிரிப்பை நிறைய டாக்டர்கள் தருகிறார்கள், விலை ஓரளவு கட்டுப்படும் என்பது ஒரு காரணம். போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி, காசநோய் இரண்டுக்கும் பரிசோதனை பார்ப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை, கட்டிப்போடும் மருந்து இருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?

போகாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே. அங்கே நீரும் நரம்பு வேர்களும்தான் இருக்கின்றன. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், படுத்தால் குறையும். அந்த நீரில் ஒரு வகைப் புரதப் பட்டைகள் தெரிந்தால் எம்.எஸ். என்ற முடிவுக்கு அது பெரிய ஆதாரம். எம்.எஸ்.ஸுக்கு ஒரே ரத்தப் பரிசோதனையில் ஆம், இல்லை என்று சொல்லும் வழி கிடையாது. எம்.ஆர்.ஐ., நீர், நோயின் கதை, வேறு நோய் இல்லை என்ற உறுதி, எல்லாம் சேர்ந்துதான். பி12 குறைவும் மூளைக் காசநோயும்கூட இதே மாதிரி வேடம் போடும்.

எம்.எஸ். இல்லை, என்.எம்.ஓ. என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே?

என்.எம்.ஓ. என்பது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. அது வேறு நோய், கவனமாக இருங்கள். அதுவும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும், நம் பக்கத்து ஆசிய நாடுகளில் அதன் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம். அக்வாபோரின்-4 என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்து வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வெயில் வந்தாலே எல்லாம் திரும்பி வருகிறதே, மறுபடி தாக்குதலா?

மதுரைக்காரர்களுக்கு இது தவிர்க்க முடியாத கேள்வி. உறை உரிந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அதில் செய்தி நின்றுபோகலாம். 1890-இல் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடம்பை வருத்தி வேலை செய்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை எழுதினார், அவர் பேர்தான் இதற்கு. கத்திரி வெயிலில் பதினோரு மணிக்குக் கடைத்தெருவில் நடந்தால் என் வலக்கண்ணில் புகை வரும், இடது பாதம் இழுக்கும். நிழலில் அரை மணி உட்கார்ந்தால் போய்விடும். இது புதுச் சேதம் இல்லை, பழைய தழும்பு சூட்டில் திணறுவது.

புதிதாக ஒரு தொந்தரவு, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தாக்குதலாக இருக்கலாம், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். பழைய தொந்தரவு திடீரென்று கூடினால் முதலில் மூத்திரப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள், காரணம் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

நான் தையலை விடியற்காலை ஐந்திலிருந்து பத்துக்குள் முடித்துக்கொள்கிறேன். வெளியே கிளம்பும் முன் ஒரு செம்பு குளிர்ந்த மோர், கழுத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு. கல்யாணத்துக்கு முன் அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று பார்த்தவள், இப்போது டிவியில்தான் பார்க்கிறேன். அந்த ஒன்று மட்டும் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இது தொற்றுமா? எதனால் வந்தது?

தொற்றாது. கூடவே படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக் கூறு கொஞ்சம், வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல், இளவயதுப் பருமன், இவற்றோடு எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ். அமெரிக்கப் படையில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2022-இல் வெளியானது. அந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு என்றது. ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியதுதான், அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம், பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள். செய்வினை என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை எம்.ஆர்.ஐ.க்கு எடுத்து வையுங்கள்.

எதிர்ப்புச் சக்தி கூட கஷாயம் குடிக்கலாமா?

நமக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, திசை தவறிப்போயிருக்கிறது. அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் பொடியும் லேகியமும் வேண்டாம். என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கல்யாணம் பண்ணி வைக்கலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

அம்மாக்கள் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்பது இதுதான். கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், பால் கொடுக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல் குறைகிறது, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகிறது. ஆகையால் பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் பேச வேண்டும். டெரிஃப்ளூனமைடு மாதிரி சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. அது நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் வரை உடம்பில் தங்கக்கூடும், வெளியேற்றத் தனி மருந்து தருவார்கள். தாய்க்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மேலை நாட்டுக் கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு, மூன்று.

மறைக்கலாமா என்றால், வேண்டாம் என்பது என் எண்ணம். மறைத்துக் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் முதலில் செய்வது மருந்தை ஒளித்துவைப்பது. பிறகு ஓ.பி.க்கு வராமல் இருப்பது. எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடுவது. ரகசியத்தைக் காப்பாற்றி நரம்பைக் கைவிடுகிறார்கள். என் வீட்டுக்காரரிடம் பெண் பார்க்க வந்த அன்றே நான் சொன்னேன். அவருக்கு முன்னால் வந்த இரண்டு வரன்கள் அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. அது வலித்தது. ஆனாலும் இன்று என் டிரிப் தேதியை எனக்கு நினைவூட்டுபவர் என் வீட்டுக்காரர்தான்.

சக்கர நாற்காலிதான் முடிவா? ஆயுள் குறையுமா?

மருந்து சீக்கிரம் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் சொந்தக் காலில் நடக்கிறார்கள். சராசரி ஆயுளில் சில ஆண்டுகள் குறையலாம், மருந்து வந்த பிறகு அந்த இடைவெளி சுருங்கி வருகிறது. வந்து வந்து போகாமல் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடும் வகை ஒன்றும் உண்டு. அதற்கென்று அமெரிக்காவில் முதல் மருந்துக்கு, ஓக்ரலிசுமாபுக்கு, 2017-இல்தான் அனுமதி கிடைத்தது. புகைபிடிப்பவர் என்றால் விட்டுவிடுங்கள், நோயை வேகப்படுத்தும். பிசியோதெரபியை முடியாதபோது செய்வது என்று வைத்துக்கொள்ளாமல், முடிகிறபோதே தொடங்குங்கள்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் இந்நோய் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள்.

ஒரு சிக்கல் சொல்கிறேன். பரிசோதனைக்குப் போகும் நாள் உங்கள் நல்ல நாளாக இருந்தால், ‘நடந்துதானே வந்தீங்க’ என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில், எந்த நாள் எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே விழுந்தேன் என்று எழுதிவையுங்கள். அந்த நோட்டைக் காட்டிய பிறகுதான் எனக்குச் சான்று கிடைத்தது.

நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

மத்தியானத்துக்கு மேல் இடது பாதம் தரையை உரசும், அதனால் பின்வார் வைத்த செருப்புதான் போடுகிறேன். மிஷினுக்கு மோட்டார் மாட்டி, பெடலை வலது காலுக்கு மாற்றிக்கொண்டேன். நாளைக்கு ஆறு ரவிக்கை தைத்த இடத்தில் இப்போது மூன்று. 2018-க்குப் பிறகு தாக்குதல் இல்லை, போன எம்.ஆர்.ஐ.யில் புதுத் திட்டும் இல்லை. அடுத்த டிரிப் ஆவணியில். தினமும் காலையில் நூல் கோக்கும்போது கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். வலக்கண்ணுக்குச் சிவப்பு இன்னும் ஒரு பிடி குறைவாகத்தான் தெரிகிறது.